ஊருக்கு மேற்கே ஒரு மேடு

1

நான் இருக்கும் ஊருக்கு யாரும் வழி கேட்டு வர வேண்டியதில்லை. கனடாவின் நடுவே, கோதுமையும் கனோலா எண்ணெய்வித்தும் விளைகிற சமவெளியில், நெடுஞ்சாலையில் வரும்போதே தானியக் கிடங்கின் உயரமான கட்டடம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் கால் மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். நடுவில் மறைக்க ஒன்றும் கிடையாது. மலை இல்லை, ஆறு இல்லை, தோப்பு இல்லை. சாலைகள் எல்லாம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் ஓடும். திருப்பத்தில் தவறினால் அடுத்த திருப்பத்துக்கு ஒரு மைல் போக வேண்டும். அதுவும் தவறவிட்ட திருப்பம் போலவேதான் இருக்கும்.

ஊரின் தெற்கு எல்லை ரயில் பாதை. அதை ஒட்டி ரயில்வே அவென்யூ, அதிலிருந்து வடக்கே போகும் மெயின் தெரு. தபால் நிலையம், வாரத்தில் மூன்று நாள் திறக்கும் வங்கி, ஒரு மளிகைக்கடை, ஒரு சீனக் குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக்கடை, டவுன் ஆபீஸ் எல்லாம் அந்த ஒரே தெருவில்தான். வடக்குக் கோடியில் பள்ளிக்கூடம், பனிச்சறுக்கு அரங்கு, முதியோர் இல்லம். கிழக்கே தண்ணீர்த் தொட்டி. காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து அடிப்பதால் கழிவுநீர்க் குளத்தைத் தென்கிழக்கில் வெட்டியிருக்கிறார்கள். மேற்கே ஒரு சின்ன மேடு. மேடு என்று நான் சொல்வதைக் கேட்டு நம்மூரில் சிரிப்பார்கள், ஏரிக்கரை உயரம்கூட இருக்காது. ஆனால் இங்கே அதுதான் மலை. அதன் மேல்தான் கல்லறைத் தோட்டம். ஊரில் உள்ள இரண்டு சர்ச் சபைக்காரர்களின் கல்லறைகளுக்கும் நடுவில் ஒரு புதர்வேலி. கடைசி வேலிக்கு அப்பால் கல் இல்லாத ஒரு வரிசையும் உண்டு. ரயில் பாதை போட வந்து செத்தவர்கள், பேர் தெரியாதவர்கள் என்று சொல்கிறார்கள்.

இந்த ஊரில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் என்னைத்தான் கேட்பார்கள். நான் டவுனின் ஃபோர்மேன். பேர்தான் பெரிசு, ஆள் நான் ஒருத்தன்தான். தண்ணீர் சுத்திகரிப்பு, பனி அள்ளுவது, குப்பைமேடு, சாக்கடைக் குழாய், தெருவிளக்குக்குச் சொல்லி அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. கல்லறைத் தோட்டமும்.

2

என் பேர் கலியபெருமாள். பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பேரைப் போடச் சொன்னார்கள், முனுசாமி என்று போட்டேன். இங்கே வந்து சேர்ந்தபோது கலியபெருமாளை யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசிப் பேரில் கடைசித் துண்டை எடுத்துக்கொண்டு "சாமி" ஆக்கிவிட்டார்கள். ஒன்பது வருடமாக இந்த ஊர் என் அப்பா பேரில் பாதியைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. திருத்த ஒரு படிவம் இருக்கிறது. அதோடு இணைக்க வேண்டிய சான்றிதழ்களின் பட்டியலைப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் ஊர் பாண்டிச்சேரிப் பக்கம் ஏம்பலம். வில்லியனூர், பாகூர் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நெல்லும் கரும்பும்தான். ஊர் ஒரு பக்கம், எங்கள் காலனி ஒரு பக்கம். ஊரில் யார் செத்தாலும் சேதி சொல்லப் போவதும், குழி வெட்டுவதும், விறகு அடுக்குவதும் எங்கள் குடும்பத்து முறை. தாத்தா செய்தார். அப்பாவும் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து செய்தார். கல்யாணமான பிறகு ஒரு நாள், கூப்பிட வந்தவரிடம் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் எங்கள் வீட்டு ஆட்களைக் கரும்பு வெட்டக் கூப்பிடவில்லை. அப்பா தினமும் சைக்கிள் மிதித்துப் பாண்டிக்குப் போய் மில்லில் சுமை தூக்கினார். இதெல்லாம் அம்மா சொல்லி எனக்குத் தெரியும். அப்பா சொன்னது ஒன்றுதான். "மம்புட்டி புடிக்கிற கையி உனக்கு வேணாம்டா."

நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தேன். ஒரு ஏஜென்ட் மூலமாக இங்கே பன்றிப் பண்ணைக்கு வேலைக்கு வந்தேன். இரண்டு வருடம் கழித்து, அதாவது ஒன்பது வருடத்துக்கு முன், இந்த டவுன் வேலை கிடைத்தது. வேலைக் கடிதத்தைப் படித்தபோது கல்லறைப் பராமரிப்பு என்ற வரியைப் பார்த்தேன். புல் வெட்டுவதாக இருக்கும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். முதல் சாவு வந்தபோதுதான் புரிந்தது. அப்போது நிரந்தரக் குடியுரிமை விண்ணப்பம் பாதியில் நின்றது, வேலையை விட முடியாது. வெட்டினேன். அப்புறம் பழகிவிட்டது.

அப்பாவிடம், "முனிசிபல் மாதிரிப்பா. தண்ணி, ரோடு எல்லாம் நான்தான்" என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் காலனி முழுக்க, "எம்புள்ள அங்க கொம்யூன்ல ஆபீசரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாண்டிப் பக்கம் பஞ்சாயத்துக்குக் கொம்யூன் என்றுதான் பேர்.

3

போன நவம்பரில் இங்கே வாரப் பத்திரிகையில் ஒரு பக்கம் போட்டார்கள். ஊரை ஓட வைக்கிறவர்கள் என்று தலைப்பு. பனிச்சறுக்கு அரங்கைப் பார்த்துக்கொள்பவர், பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மாள், அப்புறம் நான். படம் எடுக்க வந்த பெண், வானம் படத்தில் நன்றாக விழும் என்று மேட்டின் மேல் நிற்கச் சொன்னாள். பின்னால் தோண்டும் எந்திரம், பாதி வெட்டிய குழி, கையில் மண்வாரி. நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

என் மகள் நிவேதாவுக்குப் பதினான்கு வயது. அன்று மாலை பள்ளிவிட்டு வந்ததும் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். கூடவே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, "என் டாடி. ஊர்ல எல்லாருக்கும் டாடிதான் கடைசி வீடு கட்டுறாரு" என்று ஒரு வரி. பள்ளியில் யாரோ அப்படிச் சொன்னார்களாம், அவளுக்குப் பெருமையாக இருந்ததாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்னதில்லை.

மறுநாள் காலை சித்தப்பா மகன் ரவி கூப்பிட்டான்.

"இன்னாண்ணா, அங்க போயும் அதே வேலதானா?"

"அது மெஷின்ல செய்றதுடா. வேலையில ஒரு பகுதி."

"எனக்குப் புரியுதுண்ணா. நம்ம பசங்க எவனோ ஸ்டேட்டஸ் வெச்சிட்டான். டீக்கடையில மேலத்தெரு ஆளு ஒருத்தன் பாத்துட்டு, எங்க போனாலும் கையி அங்கதான் போவும்னு சொல்லியிருக்கான். பெரியப்பா அங்கதான் டீ குடிச்சிக்கினு இருந்தாரு."

"அப்பா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கிளாஸ வெச்சிட்டு எழுந்து வந்துட்டாரு."

அன்றிலிருந்து நான் கூப்பிட்டால் அம்மாதான் எடுத்தாள். "அவரு வெளிய போயிருக்காருடா", "இப்பதான் படுத்தாரு", "குளிக்கிறாரு." பின்னால் அவர் இருமுவது எனக்குக் கேட்கும். மூன்று வாரம் அப்படிப் போனது.

4

டவுன் ஆபீசில் நிர்வாகி டோனா. எங்கள் ஊர் கொம்யூன் ஆபீசில் பத்து மேசைக்காரர்கள் செய்கிற வேலையை அவள் ஒருத்தி செய்கிறாள். அவளிடம் போய், கல்லறை வேலையிலிருந்து மட்டும் என்னை விடுவிக்க முடியுமா என்று கேட்டேன். அதை எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். கோப்பிலிருந்து என் வேலை விவரத்தை எடுத்துப் படித்தாள்.

"முதுகு வலியா சாமி? டாக்டர் சீட்டு இருந்தால் சுலபம்."

"முதுகு இல்லை. குடும்பக் காரணம்."

"அதற்கு இங்கே கட்டம் இல்லையே."

ஒன்பது வருடத்தில் என் ஆங்கிலம் குழாய்க்கும் பம்புக்கும் போதுமானதாகிவிட்டது. இதற்கு அது போதவில்லை. சாதி என்பதற்குப் புத்தகத்தில் இருக்கும் சொல்லைச் சொன்னால் அவள் எங்கேயோ படித்ததை நினைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டாம். யோசித்து, "எங்கள் ஊரில் இது என் குடும்பத்து வேலை. அப்பா, தாத்தா எல்லாரும் செய்தார்கள்" என்றேன்.

டோனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இத்தனை நாள் சொல்லவே இல்லையே. எவ்வளவு நல்ல விஷயம். பரம்பரையாக வருகிறது" என்றாள். அவள் அப்பா பண்ணையை அவள் அண்ணன் எடுத்து நடத்துவதைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கடைசியில் டவுன் மன்றம் ஒத்துக்கொண்டது. தற்காலிகமாக, அடுத்த ஊரில் இருக்கும் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். காரணம் என்ற இடத்தில் டோனா 'தனிப்பட்டது' என்று எழுதினாள். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அப்பாவிடம் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். அம்மா எடுத்தாள்.

5

ஜனவரியில் வால்ட்டர் இறந்துபோனார். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர், விவசாயம் செய்து ஓய்ந்தவர். நாங்கள் பண்ணையிலிருந்து இந்த ஊருக்கு மாறி வந்த முதல் குளிர்காலத்தில் என்னைத் தன் வண்டியில் உட்கார வைத்துச் சுற்றிலும் பத்து மைல் காட்டியவர் அவர்தான். எந்தச் சாலையில் முதலில் பனி குவியும், எந்தப் பண்ணைவீட்டில் ஆள் இருக்கிறது, எது காலி, வண்டி நின்றுவிட்டால் ஏன் இறங்கி நடக்கக் கூடாது என்று எல்லாம். நான் தலையாட்டினேன். அவர் பேசியதில் பாதிதான் புரிந்தது. அடுத்த வாரம் அதே வழியில் என்னை ஓட்டச் சொல்லி மறுபடி சொன்னார்.

வெள்ளிக்கிழமை அடக்கம் என்று முடிவாகியிருந்தது. ஒப்பந்தக்காரர் அடுத்த புதன்வரை வர முடியாது என்றுவிட்டார், அவர் எந்திரம் பட்டறையில் கிடந்தது. வால்ட்டரின் பிள்ளைகள் இரண்டு பேரும் வேறு மாகாணங்களிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். புதன்கிழமை மதியம் அவர் மனைவி ஐரீன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி மாலதி முதியோர் இல்லத்தில் உதவியாளர், அன்று அவளுக்கு வார ஓய்வு. டீ போட்டுக் கொடுத்தாள். ஐரீன் குடித்து முடிக்கும்வரை வானிலையைப் பற்றியே பேசினார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"சாமி, நீங்கள் இப்போது அந்த வேலை செய்வதில்லை என்று டோனா சொன்னாள். காரணம் எனக்குத் தேவையில்லை. முடியாது என்றால் வசந்தம்வரை அவரைக் குளிரறையில் வைத்துக்கொள்ளலாம், முன்பெல்லாம் அப்படித்தான். கேட்டுப் பார்க்கலாம் என்று வந்தேன். நீங்கள் வெட்டினால் ஓரம் நேராக இருக்கும் என்று அவர் சொல்வார்."

நாளை சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு மாலதியைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்காதீங்க" என்றாள். "அந்த மனுசனுக்குச் செய்யணும்னு தோணிச்சின்னா செய்ங்க. மாமாவுக்காக வேணாம்னா வேணாம். ரெண்டுல ஒண்ணு. நானே பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து கீறேன் நேத்து. அங்க நான் கிழவங்களத் தொடைக்கிறேன், கழுவுறேன். அத எங்கம்மாகிட்ட நர்சுன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். நாம ரெண்டு பேரும் எத்தினி வருசம் இப்டி பேரு மாத்தி மாத்திச் சொல்லிக்கினு இருப்போம்?"

அவள் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் டோனாவுக்குப் போன் செய்து, வால்ட்டரின் குழிக்காக வியாழக்கிழமை காலை மேட்டில் பனியை அள்ளிவிடுவதாகச் சொன்னேன்.

6

ஜனவரியில் இங்கே மண் ஆளுயரத்துக்கு உறைந்திருக்கும். கடப்பாரை போட்டால் தீப்பொறி வரும். அதனால் குழி வெட்டப்போகும் இடத்தின் மேல் பெரிய இரும்பு மூடியைக் கவிழ்த்து, உள்ளே கேஸ் அடுப்பை எரியவிட வேண்டும். ஒரு பகல் ஓர் இரவு எரிந்தால்தான் எந்திரத்தின் பல் இறங்கும். நடுவில் போய்ப் பார்க்க வேண்டும்.

வியாழன் பள்ளி முடிந்ததும் நிவேதா என்னோடு வண்டியில் ஏறிக்கொண்டாள். மேட்டில் நிறுத்தி அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே ஊர் முழுக்கத் தெரிந்தது. தொட்டி, கிடங்கு, பள்ளிக்கூடம், எங்கள் வீட்டுக் கூரை.

"ஏன் டாடி இத விட்டீங்க? இப்ப ஏன் செய்றீங்க?" என்று கேட்டாள். அவளுடைய தமிழ், வீட்டில் நாங்கள் கேட்பதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு ஓடுகிற தமிழ். அதிலேயே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைச் சேர்த்துச் சொன்னேன். காலனி, மேலத்தெரு, கூப்பிடும் விதம், சோறு போட்ட விதம், கரும்பு வெட்டக் கூப்பிடாத வருடம், டீக்கடை. சொல்லும்போது எனக்கே அது யாரோ ஒருவர் ஊர்க் கதைபோல இருந்தது. அவள் போனைத் தொடவில்லை.

"அப்போ என்னாலதான் தாத்தா பேசலையா?"

"உன்னால இல்ல. நான் சொல்லாம விட்டதால."

"ஏன் சொல்லல?"

"நீ இங்க அது இல்லாம வளரணும்னு நெனச்சேன்."

கண்ணாடியில் படிந்த பனியை விரலால் சுரண்டினாள். பிறகு, "தாத்தா எத்தன பேருக்கு வெட்டுனாரு?" என்றாள்.

"தெரியாதும்மா."

"கேட்டதே இல்லையா?"

"இல்ல."

அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு இறங்கி, அடுப்பு அணைந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள். இப்போதுதான் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை.

7

வெள்ளிக்கிழமை காலை எந்திரத்தால் வெட்டினேன். மூலைகளை உள்ளே இறங்கிக் கையால் சீவினேன். பெட்டியை இறக்கியபிறகு வழக்கமாக எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், நான் தனியாக மூடுவேன். அன்று வால்ட்டரின் இரண்டு பிள்ளைகளும் என் வண்டியிலிருந்து மண்வாரிகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்பாவை நாங்களே மூடுகிறோம் என்றார்கள். கோட்டுப் போட்ட ஊர்த்தலைவரும் கொஞ்ச நேரம் அள்ளிப் போட்டார். நான் தள்ளி நின்றேன்.

இங்கே இந்த வேலையில் தாழ்வே இல்லை என்று எழுதி முடித்துவிட ஆசைதான். வேலிக்கு அப்பால் கல் இல்லாத வரிசையும் கண்ணில் படத்தான் செய்தது. ஆனால் அடக்கம் முடிந்து சமுதாயக் கூடத்தில் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். முட்டை சாண்ட்விச்சும் ஊறுகாயும் தட்டில் வைத்து ஐரீனே கொண்டுவந்து கொடுத்தார். எதிரில் உட்கார்ந்திருந்தவர், குளிர் பழகிவிட்டதா என்று கேட்டார். ஒன்பது வருடமாக அவர் அதையேதான் கேட்கிறார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊருக்குப் போன் செய்தேன். அங்கே மாலை. அம்மா எடுத்தாள். "அப்பாகிட்ட குடும்மா. பேசலன்னாலும் பரவால்ல, காதுல வெச்சிக்கச் சொல்லு" என்றேன்.

ரொம்ப நேரம் கழித்து, "உம்" என்று கேட்டது.

"அப்பா, நேத்து ஒரு குழி வெட்டினேம்பா. வேற யாரு சொல்லியும் நீ கேக்க வேணாம்னு நானே சொல்றேன்."

 அங்கே குக்கர் விசில் அடித்தது. போனை வைத்த சத்தமில்லை, அதனால் அவர் இன்னும் இருக்கிறார் என்று தெரிந்தது.

"யாருக்கு?" என்றார்.

"பக்கத்து வூட்டுப் பெரியவரு. வந்த புதுசுல எனக்கு வழியெல்லாம் காட்டினவரு."

"கூப்புட்டது யாரு?"

"அவரு சம்சாரம்."

"வாசல்ல நின்னுக்கினா?"

"உள்ள வந்து உக்காந்தாங்கப்பா. மாலதி டீ குடுத்தா. குடிச்சிட்டுத்தான் கேட்டாங்க."

"நீ மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"சரின்னுட்டு எழுந்து போயிருப்பாங்க. வேற ஆளு பாத்திருப்பாங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்பா."

 மேசைக்கு எதிரில் நிவேதா உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். போடவில்லை.

"எனக்கு இன்னும் புடிக்கலடா" என்றார் அப்பா.

"தெரியும்பா."

"நீ சொல்ற ஞாயம் புரியுது. அந்தப் போட்டாவ பாத்ததும் உம்மூஞ்சி தெரியல எனக்கு, எங்கப்பன் மூஞ்சிதான் தெரிஞ்சுது. இன்னா பண்ணச் சொல்ற என்ன?"

 அவர் இருமினார்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. எனக்குன்னு வரும்போது நீ மம்புட்டியத் தொடக்கூடாது. இங்கியும் இப்ப ஜேசிபிதான். எவனையும் போயி கூப்புட வேணாம், எவன் தயவும் வேணாம். நீ மகனா வந்து நில்லு. மூணு கை மண்ணு போடு. அவ்ளோதான் நான் கேக்கறது."

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா?"

"இப்ப கேக்காம? வருவியா?"

இங்கிருந்து விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம், அதுவும் சாலை திறந்திருந்தால். பிறகு மூன்று விமானம். சென்னையில் இறங்கி ஏம்பலத்துக்கு நாலு மணி நேரம். ஐஸ் பெட்டியில் வைத்தாலும் நம்மூரில் யாரையும் இரண்டு நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாயை விட்டுவிட்டுப் போக எனக்கு மாற்று ஆள் கிடையாது. இதையெல்லாம் போன் காதில் இருக்கும்போதே மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு முறை பார்த்தேன்.

"வர்றேம்பா" என்றேன்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. "உம்பொண்ணு இருந்தா குடு" என்றார்.